ரப்பர் சிலிப்பரோடு வாசித்த பதினொரு மாதங்கள்

பங்சாரில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. பெண்கள் யாராவது வந்தால் கர்ப்பமா என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் மேசையில் படுக்கச் சொல்வேன். ஈய அங்கி போடாமல் யாரையும் உள்ளே நிற்க விடமாட்டேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் என்னை வீண் பயம் பிடித்தவள் என்று கிண்டல் செய்வார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைப் படிக்கிறவர்கள், ஆபத்து என்றால் என்னவென்று தெரியாத ஒருத்தி செய்த காரியம் என்று எனக்குச் சலுகை தந்துவிடக் கூடாது.

சனி, ஞாயிறுகளில் நான் கீபோர்டு வாசிப்பேன். எங்கள் குழுவில் நான்கு பேர். டிரம்ஸ் வாசிக்கிறவர் பள்ளி ஆசிரியர். குழுவை நடத்துவதும் அவர்தான். பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் லோரி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார். பாடுகிறவள் கிள்ளானில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருக்கிறாள். என்னைவிட எட்டு வயது இளையவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம், அலுவலகக் குடும்ப தினம் என்று மாதத்துக்கு ஒன்றிரண்டு மேடை கிடைக்கும். யாருக்கும் இது பிழைப்பு இல்லை.

எனக்குப் பழைய சிந்தசைசர்கள் மேல் பைத்தியம். புதிய கீபோர்டுகளில் ஆயிரம் ஒலிகள் இருக்கும். ஆனால் எண்பதுகளில் வந்த பழைய பெட்டிகளில் மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால், ஒவ்வொரு சுரமும் ஒரு நூலளவு விலகி, மறுபடி சேர்ந்து, மூச்சு விடுவது போல் இருக்கும். கிள்ளானில் ஒரு பெரியவரிடம் அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஒரு காலத்தில் ஓட்டல் இசைக்குழுவில் வாசித்தவர். செமினியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோகப் போவதால், வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். ஜப்பானில் செய்த பெட்டி. இரண்டு பக்கமும் மரம், மேலே கறுப்பு இரும்புத் தகடு, அதில் வரிசையாகத் தள்ளுவிசைகள். நம் ஊர் மின்சாரம் அதற்கு ஒத்துவராது. அதனால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் கனமான டிரான்ஸ்பார்மர் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்.

காரில் ஏற்றும்போது சொன்னார்: "கை ஈரமா இருந்தா தொடாத மா. லேசா கடிக்கும். பழசுங்க எல்லாம் அப்படித்தான் லா."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீடு பதினான்காவது மாடி. பெட்டியைப் படுக்கையறை ஜன்னலோரம் வைத்தேன். முதல் வாரத்திலேயே அந்தக் கடி தெரிந்தது. குளித்துவிட்டு வந்து வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டு தகட்டின் விளிம்பில் பட்டதும் தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வது போல ஒரு நடுக்கம். கையை எடுத்தேன். மறுபடி மெல்ல வைத்துப் பார்த்தேன். எறும்பு அங்கேயே இருந்தது. பெரியவர் சொன்னதுதானே என்று ரப்பர் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு நின்றேன். எறும்பு போய்விட்டது.

அன்றிலிருந்து அந்தப் பெட்டியின் முன்னால் சிலிப்பர் இல்லாமல் நான் நின்றதே இல்லை.

இரண்டு மாதம் கழித்து என் கணவர் அறையைப் பெருக்கும்போது பெட்டி மேல் கை வைத்துவிட்டு, துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏய், இது கரண்ட் லா! என்ன வெளையாட்டு இது? ரிப்பேர் கடையில காட்டு."

"காட்டுறேன்."

"எப்போ?"

"இந்த வாரம்."

நான் காட்டவில்லை. பிரித்துப் பார்க்கிறவர் இதை இனி வாசிக்கவே கூடாது என்று சொல்லிவிடுவார் என்று ஒரு பயம். உள்ளே எதையாவது மாற்றி, அந்த மூச்சு விடும் ஒலியைக் கெடுத்துவிடுவார் என்று இன்னொரு பயம். இரண்டு வாரம் கழித்து என் கணவர் கேட்டபோது, "காட்டிட்டேன், ஒரு வயர் லூசா இருந்துச்சாம், சரி பண்ணிட்டாங்க" என்றேன். அவர் நம்பினார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் சமையலறையில் இருந்தாலும் என் காது அங்கேயே இருக்கும். அவர் அதைத் தொட்டு, மறுபடி கத்துவாரோ என்று. ஒருநாள் அவர் வேலைக்குப் போன பிறகு பெட்டியைச் சுவரோடு ஒட்டித் திருப்பி வைத்து, மேலே ஒரு தடிமனான போர்வையைப் போட்டேன். தூசிக்காக என்று சொன்னேன்.

மேடையிலும் சேலைக்குக் கீழே சிலிப்பர்தான். குழுவில் கேலி செய்வார்கள். கால் வலி என்று சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் மூன்று பேரும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நடமாடினார்கள். அவர்களுக்கும் ஒரு சிலிப்பர் வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஒவ்வொரு முறையும் தோன்றியது.

பதினோராவது மாதம், கிள்ளானில் ஒரு மண்டபத்தில் அறுபதாம் கல்யாண விருந்து. ஞாயிறு மதிய நிகழ்ச்சி. காலை ஒன்பது மணிக்கே நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம். மண்டபத்தில் மேடை வேலைகளைப் பார்க்கிறவர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் இங்கே வந்தவர், முப்பது வயதிருக்கும். முதல்நாள் நிகழ்ச்சியின் பூக்குப்பையை அள்ளி, மேடையைத் துடைத்து, விசிறி போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தார். எங்கள் சாமான்களை இறக்கவும் உதவினார்.

எல்லாவற்றையும் இணைத்துச் சத்தம் பார்த்தபோது ஸ்பீக்கரில் கனமான இரைச்சல். மிக்ஸரில் என் சேனலைத் திறந்தால் வரும், மூடினால் நின்றுவிடும். வழக்கமாக இவ்வளவு இருக்காது.

"அக்கா, உங்க பக்கம்தான்" என்றார் டிரம்ஸ் வாசிக்கும் ஆசிரியர். "என்னமோ பண்ணுங்களேன்."

என் பெட்டியிலிருந்து மிக்ஸருக்குப் போகும் வயரின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதில் ஒரு குட்டி சுவிட்ச். எர்த் இணைப்பைத் துண்டிப்பதற்கானது. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதைத் தள்ளினேன். இரைச்சல் நின்றது. ஆசிரியர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

பத்து மணி இருக்கும். பாடுகிறவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு மேடைக்கு வந்தாள். இரண்டாவது பாட்டின் சரணம் அவளுக்கு நினைவில் நிற்கவில்லை. வரிகள் எழுதிய தாளை நான் என் பெட்டியின் மேல் ஒட்டி வைத்திருந்தேன். அதைப் படிக்கக் குனிந்தவள் இடது கையைத் தகட்டின் மேல் ஊன்றிக்கொண்டு, வலது கையை நீட்டி ஸ்டாண்டிலிருந்த மைக்கைப் பிடித்தாள்.

ஸ்பீக்கரில் ஒரு உறுமல். அவள் நிமிரவில்லை. வாய் பாதி திறந்திருந்தது. விரல்கள் மைக்கைச் சுற்றி இறுகி, முழங்கை படபடவென்று ஆடியது. பேஸ் வாசிக்கிறவர் அவள் ஏதோ குறும்பு செய்கிறாள் என்று சிரித்தார். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் அது என்ன என்று அந்தக் கணமே தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

அப்போது நான் செய்தது இது: ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. என் உடம்பு தானாகச் செய்தது என்று சொல்லலாம். ஆனால் நகர்ந்தது நான்தான். அதன் பிறகுதான் குனிந்து, தரையில் இருந்த டிரான்ஸ்பார்மரின் வயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பிளக் கழன்று வந்து என் முழங்காலில் அடித்தது. அவள் துணி போலச் சரிந்தாள். மைக் தரையில் விழுந்து உருண்டது.

எல்லாம் மூன்று நான்கு நொடிதான் என்று பிறகு ஆசிரியர் சொன்னார்.

நான் அவள் கழுத்தில் விரல் வைத்தேன். நாடி ஓடியது, ஆனால் ஒழுங்கில்லாமல் தாவித் தாவி. மூச்சு இருந்தது. கண் திறந்து என்னைப் பார்த்து, "அக்கா, கை எங்க?" என்றாள். தன் கை உடம்பில் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளங்கையில் இரண்டு இடத்தில் தோல் வெளுத்து, நடுவில் கறுத்திருந்தது.

ஆசிரியரும் பேஸ்காரரும் அவளைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தார்கள். சாமான்களைக் கட்டிக்கொண்டு நான் பின்னால் வருவதாக ஏற்பாடு. விருந்து வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வயர்களைச் சுருட்டினேன். ஒன்றும் ஒழுங்காகச் சுருளவில்லை. மண்டபத்து ஆள் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவரே சுருட்டினார். பிறகு என் சிந்தசைசரைத் தூக்கினார். பிளக் என் கையில் இருந்தது, அதில் மின்சாரம் இல்லை என்று தெரிந்தும், அவர் விரல்கள் தகட்டில் பட்டபோது அதை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

காரின் பின்கதவருகே நின்று தாழ்ந்த குரலில் கேட்டார்: "மேடம், நான் நல்லா காயவச்சுட்டுத்தான் மேடையை விட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நீங்க பாத்தீங்கல்ல?"

"பார்த்தேன்" என்றேன்.

பின்கதவை மூடிவிட்டுக் காரில் ஏறினேன்.

மருத்துவமனையில் அவளுக்கு இதயத் துடிப்பைப் பதிவு செய்து, கையில் கட்டுப் போட்டு, மறுநாள் வரை கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்றார்கள். அவள் கணவர் வேலையிடத்திலிருந்து வந்து சேர்ந்தபோது அவர் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்."

"மண்டபத்து வயரிங் மோசம் லா" என்றார் ஆசிரியர். "அந்த ஆள் காலையில தண்ணி ஊத்தி மேடையைத் தொடச்சிருக்கான். நான் சும்மா விடமாட்டேன். ஓனருக்குப் போன் பண்ணிட்டேன். அவனை ஊருக்கு அனுப்புறேன்னு சொல்லிட்டாரு."

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு வாக்கியம். 'பெட்டி என்னுடையது, அது கடிக்கும் என்று எனக்குத் தெரியும்.' அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கணவர் என் பக்கம் திரும்பி, "நீங்கதான் வயரைப் புடுங்குனீங்களாம். நீங்க இல்லாட்டி என்ன ஆயிருக்கும், கும்புடுறேன் கா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வந்த வாக்கியம் உள்ளே போய்விட்டது.

அன்று மாலை ஃபெடரல் ஹைவேயில் வீடு திரும்பும்போது, பின் இருக்கையில் படுத்திருந்த அந்தப் பெட்டியைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் கணவரிடம் மண்டபத்தில் விபத்து என்று மட்டும் சொன்னேன். பெட்டியைக் காரிலேயே பூட்டி வைத்தேன்.

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக் கடைக்கு அதைத் தூக்கிப் போனேன். ஆம்ப்ளிபையர்களும் ஸ்பீக்கர்களும் பழுதுபார்க்கிற அண்ணன் ஒருவர் அங்கே இருக்கிறார். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். பதினொரு மாதமும் அந்தக் கடை அங்கேதான் இருந்தது.

அவர் மூடியைக் கழற்றினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே பெட்டி சுத்தமாக இருக்க வேண்டும், குற்றம் மண்டபத்துடையதாக இருக்க வேண்டும் என்று மனது வேண்டிக்கொண்டே இருந்தது. அது அப்படியே ஆனால் அந்தப் பெர்மிட் ஆளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதும் கூடவே தெரிந்தது.

மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் இருந்த விரல் நுனியளவு கெப்பாசிட்டர் ஒன்றை அவர் ஸ்குரூடிரைவரால் தொட்டுக் காட்டினார். வெடித்து, பழுப்பாகக் கசிந்திருந்தது.

"இது போயிடுச்சு மா. மெயின் கரண்ட் இது வழியா இரும்புக்கு வருது. பிளக்குல எர்த்தும் கெடையாது. எவ்ளோ நாளா கடிக்குது?"

"பதினொரு மாசம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மேடையில் நடந்ததையெல்லாம் சொன்னேன். இரைச்சலை நிறுத்த நான் தள்ளிய சுவிட்சையும் சொன்னேன்.

"அந்த வயர் வழியாத்தான் கரண்ட் எர்த்துக்குப் போயிக்கிட்டு இருந்துச்சு. அதுதான் அந்தச் சத்தம். அதை நீங்க வெட்டிவிட்டீங்க. அப்புறம் அதுக்குப் போக வேற வழி வேணும்ல? மைக்கைப் புடிச்ச அந்தப் பொண்ணு வழியாப் போயிருக்கு." மீட்டரைக் கீழே வைத்தார். "மண்டபத்துலயும் தப்பு இருக்கு. அங்க பிரேக்கர் ஒழுங்கா இருந்தா காலையிலயே ட்ரிப் ஆகி கரண்டை நிறுத்தியிருக்கும். அது செத்துக் கெடக்கு. போய்ச் சொல்லுங்க, மாத்தட்டும்."

ஒரு கணம் அந்தச் சொற்களை இறுகப் பிடித்துக்கொண்டேன். மண்டபத்திலும் தப்பு. பாதியை மட்டும் சொன்னால் போதும். அதுவும் உண்மைதான். அந்தப் பாதியோடு படியிறங்கித் தெரு வரைக்கும் வந்துவிட்டேன். நடைபாதையில் நின்று ஆசிரியருக்குப் போன் போட்டபோது, "பிரேக்கர் சரியில்லையாம்" என்றுதான் ஆரம்பித்தேன்.

"பார்த்தீங்களா! நான் சொல்லல?" என்றார் அவர். "அவனுக்கு வெள்ளிக்கிழமை டிக்கெட் போட்டாச்சாம்."

"சார், பெட்டி என்னோடது" என்றேன். "அதுல ரொம்ப நாளா கரண்ட் வருது. எனக்குத் தெரியும்."

மேலே ரயில் ஒன்று போய் முடிந்தது. "வேற யாருகிட்டயும் இப்ப சொல்லாதீங்க அக்கா" என்றார் கடைசியில். "நான் யோசிக்கிறேன்."

அவர் யோசிப்பதற்குள் எனக்குப் பயம் முந்திவிடும் என்று எனக்குத் தெரியும். அப்படியே கிள்ளானுக்கு ஓட்டினேன். மண்டபத்தில் உரிமையாளர் சமையல்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். பின்பக்க அறை வாசலில் அந்த ஆள் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரையும் கூப்பிடச் சொன்னேன். இருவரையும் நிற்க வைத்து, பெட்டி, சிலிப்பர், சுவிட்ச் எல்லாவற்றையும் சொன்னேன். பிரேக்கரைப் பற்றியும் சொன்னேன். சொல்லும்போது உரிமையாளரைத்தான் பார்த்தேன். அந்த ஆளைப் பார்க்க முடியவில்லை.

உரிமையாளர் கத்தினார். போலீசுக்குப் போகிறேன் என்றார். பிறகு பிரேக்கர் பேச்சு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் எங்கேயும் போகவில்லை. அந்த வாரமே பிரேக்கர் பெட்டியை மாற்றினார். டிக்கெட்டையும் ரத்து செய்தார்.

கார் வரைக்கும் அந்த ஆள் என் கூட வந்தார். நன்றி சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை.

"நேத்தே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். "ராத்திரியே வீட்டுக்குப் போன் பண்ணி வரேன்னு சொல்லிட்டேன். அம்மா அழுதுட்டாங்க."

அங்கிருந்து பாடுகிறவள் வீட்டுக்குப் போனேன். மதியம்தான் மருத்துவமனையிலிருந்து வந்திருந்தாள். சோபாவில் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். கணவர் எனக்கு மைலோ கலக்கிக்கொண்டு வந்தார். அதைக் குடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கால் வலின்னு சொன்னீங்களே, அந்தச் சிலிப்பர்... அதுக்குத்தானா?"

"ஆமா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கணவர் கோப்பையை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, நானே கதவைத் திறந்து வெளியே வந்தேன். ஒரு அடி பின்னால் நகர்ந்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அதை இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. "என்கிட்டயும் பொய் சொன்னியே" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் குடிநீர்ச் சூடாக்கியோ வேறு எதுவோ பழுதானால், நான் பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் அவர் தன் கையால் ஒருமுறை சோதிக்கிறார். நான் அதைப் பார்க்காதது போல் இருக்கிறேன்.

பாடுகிறவளின் இரண்டு விரல்களில் மூன்று மாதத்துக்கு உணர்ச்சி இல்லை. பிறகு மெல்ல வந்தது. ஐந்தாவது மாதம் ஆசிரியர் வீட்டில் நடந்த பயிற்சிக்குத் தானாகவே வந்தாள். வயரில்லாத மைக் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அறையின் மறுகோடியில், கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் காலில் கெட்டியான ஷூ இருந்தது.

பழுதுபார்க்கிற அண்ணன் கெப்பாசிட்டரை மாற்றி, மூன்று கால் பிளக் போட்டு, எர்த் இணைத்து, வெறுங்கையை வைத்துக் காட்டித்தான் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். ஒலி கெடவே இல்லை. ஆனாலும் பயிற்சிக்கு நான் கொண்டு போவது பிளாஸ்டிக்கில் செய்த சின்ன கீபோர்டு. ஒவ்வொரு இடத்திலும் சுவரிலிருக்கும் பிளக்கில் ஒரு சோதனைக் கருவியைச் செருகி, மூன்று விளக்கும் சரியாக எரிகிறதா என்று பார்த்து, கழற்றி, மறுபடி செருகிப் பார்ப்பேன். அதன் பிறகும் முதல் சுரத்தை அழுத்தும் முன் அவள் எங்கே நிற்கிறாள், அவள் கை எதன் மேல் இருக்கிறது என்று தேடுவேன்.

போன மாதம் பயிற்சியில் நான் ஒரு இடத்தில் தாளம் பிசகிவிட்டேன். அவள் பாட்டை நிறுத்தாமலே என் பக்கம் திரும்பி, வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கையால் காட்டினாள். பிறகு தாளைப் பார்க்க என்னை நோக்கி நாலு எட்டு வந்தாள். என் விரல்கள் கட்டைகளின் மேல் அப்படியே நின்றுவிட்டன.

"வாசிங்க அக்கா" என்றாள்.